கப்புக்கு எத்தனை கிராம்

எங்கள் வீட்டில் ஒரு கப் என்றால் எவ்வளவு என்று கேட்டால் அந்தக் கப்பையே எடுத்துக் காட்டுவார்கள். கைப்பிடி உடைந்துபோன பீங்கான் கப். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு நீலக் கோடு ஓடும். கோடு வரைக்குமா, விளிம்பு வரைக்குமா என்று கேட்டால், "கப்புன்னா கப்புதான் தம்பி" என்பார் அண்ணி. என் மனைவி அதற்குத் தலையாட்டுவாள். மேற்கொண்டு ஏதாவது கேட்டால் ஜாம் அடிபிடித்துவிடும், வெளியே போங்கள் என்று விரட்டிவிடுவார்கள்.

எனக்குக் குத்துமதிப்பு என்றாலே ஆகாது. பார்சல் அலுவலகத்தில் எடை போடும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். "ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும் சார்" என்று வருகிறவர்களிடம் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டே என் தொண்டை வறண்டுபோயிருக்கிறது. அலுவலகத்தில் எனக்குத் தராசு என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள். கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழே நாங்கள். வீட்டின் பின்பக்க அறைதான் ஜாம் அறை. பிளம்ஸ் வரும் காலத்தில் அண்ணியும் என் மனைவியும் சேர்ந்து ஜாம் கிண்டுவார்கள். கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்குமாக ஆரம்பித்தது. பிறகு இரண்டு கடைகளுக்குக் கொடுத்தார்கள். அவள் வேலை பார்த்த அச்சகம் போன வருடம் மூடப்பட்டதும், ஜாம்தான் அவளுக்கு எல்லாமும் ஆனது. அச்சகம் மூடிய பிறகு கொஞ்ச காலம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த கோலம் இருக்கிறதே, அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. கடைத்தெருவில் உள்ள பெரிய பேக்கரிக்காரர் வாரா வாரம் ஜாம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதே வாரத்தில் அண்ணன் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அப்பாவும் அம்மாவும் இங்கேயே வந்துவிடுங்கள் என்றாள். மாதக் கடைசியில் அண்ணனும் அண்ணியும் கிளம்புகிறார்கள். திரும்பி வரும் உத்தேசம் இல்லை. இனி ஜாம் கிண்ட வேண்டுமானால் என் மனைவி தனியாகத்தான் கிண்ட வேண்டும்.

பேக்கரிக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பழத்தை நானே மொத்தமா வாங்கி, கொட்டை எடுத்து, நறுக்கி அனுப்பிடுவேன். கிலோ கணக்குலதான் வரும். அதனால கப்பு கணக்கெல்லாம் எனக்கு ஆகாதும்மா. எத்தனை கிராம் பழம், எத்தனை கிராம் சர்க்கரைன்னு எழுதிக் கொடுங்க. சனிக்கிழமை வர்றேன். அந்த எடைப்படி கிண்டின ஜாமைக் காட்டுங்க. சரியா இருந்தா உங்களுக்குத்தான்."

அவர் படியிறங்குவதற்குள் என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்க இருக்கீங்க இல்ல?"

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இது ஒரு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

*

கணக்கு என்னவோ எளிதுதான். பத்து கப் பழம், ஏழு கப் சர்க்கரை, மூன்று எலுமிச்சம்பழத்தின் சாறு. ஒரு கப் எத்தனை கிராம் என்று தெரிந்தால் பத்தால் பெருக்க வேண்டும், ஏழால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கப்பில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்தேன். கப்பின் எடையைக் கழித்தால் முந்நூறு கிராம். அப்படியானால் பத்து கப் பழம் மூன்று கிலோ என்று எழுதிவிட்டு எழுந்தேன்.

அண்ணி எட்டிப் பார்த்தார். "தம்பி, பழம் தண்ணியா?"

நான் உட்கார்ந்தேன். பழத் துண்டுகளுக்கு நடுவே சந்து இருக்கிறது, சந்தில் காற்று இருக்கிறது. எடை போட்டே பிழைக்கிறவனுக்கு இது முதலிலேயே உறைக்காதது கேவலம்தான். சரி, சர்க்கரையை நிரப்பி, கத்தி முதுகால் தலைதட்டி வைத்தேன். இருநூற்றைம்பத்தைந்து. மறுபடி நிரப்பினாலும் அதேதான். சர்க்கரை யோக்கியமான சரக்கு. ஏழு கப்புக்கு ஆயிரத்து எழுநூற்றெண்பத்தைந்து என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பழத்தில்தான் வம்பு ஆரம்பித்தது. முழுப் பழமாகப் போட்டால் மூன்று உள்ளே போனது, நான்காவது வெளியே தலையை நீட்டியது. பாதியாக வெட்டினால் ஒரு எடை வந்தது. பொடியாக நறுக்கினால் இன்னொரு எடை வந்தது. நறுக்கி வைத்துச் சாறு இறங்கிய பிறகு அளந்தால் மூன்றாவதாக ஒன்று வந்தது. செல்போனில் தேடினேன். ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னார், மற்றவர் வேறு எண்ணைச் சொன்னார், இன்னொருவர் அது நறுக்கும் விதத்தைப் பொறுத்தது என்று சொல்லி நழுவிவிட்டார். அவர்கள் எல்லோரும் சொன்னது அவர்களுடைய கப். எங்கள் நீலக்கோட்டுக் கப்பை அவர்கள் எங்கே கண்டார்கள்?

"நீங்க ரெண்டு பேரும் வழக்கமா எப்படி நறுக்குவீங்களோ அப்படி நறுக்குங்க. வழக்கமா எப்படி அளப்பீங்களோ அப்படி அளங்க. நான் எடை மட்டும் பாக்குறேன்" என்றேன்.

நறுக்குவதும் அளப்பதும் எப்போதும் அண்ணி. அடுப்பு என் மனைவியுடையது. அண்ணி துண்டுகளை அள்ளிக் கப்பில் போட்டு, உள்ளங்கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். இறங்கியதும் மேலே இன்னும் கொஞ்சம் போட்டார். மறுபடி ஒரு அமுக்கு. தராசு இருநூற்றறுபது காட்டியது.

"அவ்ளோதான், எழுதிக்கோங்க" என்றார் அண்ணி.

அண்ணி மாடிக்குப் போனதும் என் மனைவி பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருநூத்தி அறுபது இல்லீங்க."

"இப்பதானே கண்ணால பாத்தேன்?"

"ஒரு கப்புன்னா இப்படி." அவள் துண்டுகளைப் பூப்போல் கப்பில் சரித்தாள். அமுக்கவில்லை, தட்டவில்லை. தராசு இருநூறு காட்டியது.

"அப்ப அண்ணி இருக்கும்போதே நீ ஏன் சொல்லல?"

"அவங்ககிட்ட எப்படிங்க சொல்றது?" என்று அவள் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஒரே கப், ஒரே பழம், ஒரே தராசு. ஒரு கப்புக்கு அறுபது கிராம் வித்தியாசம், பத்து கப்புக்கு அறுநூறு. பார்சலில் இந்த வித்தியாசம் வந்தால் என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள்.

*

முதலில் அண்ணியின் எடைப்படி கிண்டச் சொன்னேன். பெரியவர் என்கிற மரியாதை. இரண்டாயிரத்து அறுநூறு கிராம் பழத்தை நான் நிறுத்துக் கொடுத்தேன், என் மனைவி தனியாகக் கிண்டினாள். வழக்கமான நேரம் கொதித்த பிறகும் ஜாம் தளதளவென்று சும்மா ஆடிக்கொண்டிருந்தது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓடியது. ஆறிய பிறகும் இறுகவில்லை, புளிப்பும் தூக்கலாக இருந்தது.

அண்ணன் ஒரு கரண்டி வாங்கி நக்கிப் பார்த்தார். "ரொட்டியில தடவ வேணாம்டா. டம்ளர்ல ஊத்திக் குடுத்துடலாம்."

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி அண்ணியைப் பார்த்தாள். "அக்கா, எங்க தப்பு பண்ணினேன்?"

அண்ணி பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்து, என்னையும் அண்ணனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விழுங்கிக்கொண்டார். "பழம் கொஞ்சம் கம்மியா போட்டுக்கோ."

"எவ்ளோ கம்மியாக்கா?"

"அது உனக்கே தெரியும்."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். என் மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அடுத்த நாள் அவளுடைய எடைப்படி, இரண்டு கிலோ பழம் போட்டுக் கிண்டினாள். அது பாதி நேரத்திலேயே கெட்டியாகி, ஆறியதும் கல்லாகிவிட்டது. பாட்டிலுக்குள் விட்ட கரண்டி வெளியே வர மறுத்தது. வாயில் வைத்தால் தித்திப்புத்தான் முதலில் வந்தது, பழம் எங்கேயோ தூரத்தில் இருந்தது. "இதைப் பாட்டிலோட கடிச்சுத் தின்னணும்" என்றார் அண்ணன். அண்ணி அவரை ஒரு முறை முறைத்ததும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி வெடித்தாள்.

"அவங்களுக்கு விருப்பமில்லைங்க. நான் தனியா பண்றது அவங்களுக்குப் பிடிக்கல. 'உனக்கே தெரியும்'னா என்ன அர்த்தம்? தெரிஞ்சா நான் ஏன் கேக்குறேன்? இத்தனை வருஷம் கூடவே நின்னேன், கிளம்பும்போது கூட ஒரு அளவைச் சொல்ல மனசு வரல."

"அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல" என்றேன்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி நல்லவர். என் மனைவி பொய் சொல்கிறவள் இல்லை. தராசும் பொய் சொல்லாது, அதை அலுவலக எடைக்கல்லை வைத்து இருமுறை சோதித்துவிட்டேன். எல்லோரும் யோக்கியம், ஜாம் மட்டும் தப்பு. மண்டை காய்ந்துபோனது.

மறுநாள் மாடியில் பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் அண்ணி கட்ட ஆரம்பித்துவிட்டார். அண்ணியும் என் மனைவியும் மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்தார்கள். இந்த ஜாம் கைவிட்டுப் போனால் அவள் திரும்ப ஜன்னலோரத்துக்குப் போவாள் என்று முதலில் பயந்தேன். இப்போது அதோடு இவர்கள் இப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரிந்துவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

*

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். எனக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. கப்பை எடை போட்டால்தானே குழப்பம்? கப்பையே விட்டுவிட வேண்டியதுதான். நறுக்கிய பழம் இருக்கும் கூடையை அளப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட வேண்டும். குறைந்தது எவ்வளவோ அதுதான் பழம். அதைச் சரிபார்க்க, சர்க்கரை சேர்ப்பதற்கு முன்னால் பாத்திரத்தையும் எடை போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் என்னைக்கும் போலப் பண்ணுங்க" என்றேன். "என்னைக்கும் போலன்னா, என்னைக்கும் போலத்தான். எதையும் மாத்த வேணாம். நான் உள்ள நிக்க மாட்டேன். சர்க்கரை போடுறதுக்கு முன்னாடி மட்டும் கூப்பிடுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தலையாட்டினார்கள். நான் வெளியே போய் உட்கார்ந்தேன். கத்திச் சத்தம் கேட்டது, பாத்திரச் சத்தம் கேட்டது, பேச்சு மட்டும் கேட்கவில்லை. வழக்கமாக இந்த நேரத்தில் அந்த அறையில் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பாக இருக்கும்.

கூப்பிட்டார்கள். கூடையின் எடையில் இரண்டாயிரத்து அறுநூறு குறைந்திருந்தது. அண்ணியின் கணக்கு அச்சாகச் சரி. பாத்திரத்தை வைத்தேன், அதன் எடையைக் கழித்தேன். இரண்டாயிரத்து இருநூற்றறுபது.

மறுபடி வைத்தேன். அதே எண்.

முந்நூற்று நாற்பது கிராம் பழம் கூடையை விட்டுக் கிளம்பியிருக்கிறது, பாத்திரத்துக்கு வந்து சேரவில்லை. நடுவே மூன்றடி மேசை. நான் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். குப்பைக் கூடையைக் கிளறினேன். பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தராசில் வைத்தேன். ஒரு கிலோ காட்டியது. சாறு ஆவியாகிவிட்டதா? அடுப்பையே இன்னும் பற்றவைக்கவில்லை.

"என்ன தம்பி தேடுறீங்க?" என்றார் அண்ணி.

"முன்னூத்தி நாப்பது கிராம்" என்றேன்.

இருவரும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சர்க்கரையைக் கொட்டி, எலுமிச்சையைப் பிழிந்து, அடுப்பைப் பற்றவைத்தார்கள். நான் வெளியே வந்து தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஜாம் கொதித்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக, எப்போதும் வருகிற அதே நிறத்தில், அதே மணத்தில் வந்தது. என்னைக்கும் போலச் செய்தால் சரியாக வருகிறது. எடை போட்டுச் செய்தால் வரவில்லை. எடை என்கிற விஷயத்தின் மீதே எனக்கு நம்பிக்கை போய்விடும் போல இருந்தது.

என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். கூடவே ஒரு கிண்ணத்தில் நறுக்கிய பிளம்ஸ், மேலே ஒரு முள்கரண்டி. ஜாம் போடும் நாளில் எனக்கு அப்படித்தான் வரும். கல்யாணமான நாளிலிருந்து வருகிறது. நான் தாளைப் பார்த்தபடியே ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டேன். இரண்டாவது துண்டைக் குத்தும்போதுதான் கை நின்றது.

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதே மாதிரியான காலிக் கிண்ணம் ஒன்றை வைத்து எடையைக் கழித்தேன். முந்நூற்று முப்பத்திரண்டு. மீதி என் வாயில் இருந்தது.

"கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன். "முன்னூத்தி நாப்பது இங்க இருக்கு! நீ பாத்திரத்துல இருந்து எடுத்திருக்க!"

என் மனைவியின் முகம் வெளுத்துப்போனது. அடுப்படியில் நின்ற அண்ணி சட்டென்று நடுவில் வந்தார்.

"தம்பி, விடுங்க. ரெண்டு கைப்பிடி பழம். அதைப் போய்த் தராசுல வச்சு, என்ன பேச்சு இது?"

"அதுதான் அண்ணி கணக்கே! ஒவ்வொரு தடவையும் இவ எடுத்திருக்கா. அதனாலதான்..."

"தெரியும்" என்றார் அண்ணி.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்மா."

"எப்போலருந்து?"

"நீ வந்த புதுசுலருந்து. நான் அந்தப் பக்கம் திரும்பும்போது எடுத்து, தட்டு போட்டு மூடி வைப்ப."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? தெரிஞ்சும் ஏன் அப்படி அமுக்கி அமுக்கி அளந்தீங்க?"

"நீ எடுக்குறேன்னுதான் அமுக்கினேன்."

"நீங்க அமுக்குறீங்கன்னுதானேக்கா நான் எடுத்தேன்!"

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அமுக்கியதால் எடுத்தாளாம். எடுத்ததால் அமுக்கினாராம். எது முதலில்? இருவருக்கும் தெரியவில்லை. என் மனைவி சொன்னாள், முதல் தடவை பாத்திரம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததாம். பழம் அதிகம் என்று தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், மூத்தவரிடம் போய் உங்கள் அளவு தப்பு என்று எப்படிச் சொல்வது? அதனால் இரண்டு கை எடுத்துவிட்டாள். அமுக்காத பத்து கப் அளவுக்குச் சரியாகக் கொண்டுவந்துவிட்டதாகவே இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். அவள் கை சிறியது. அறுநூறு கிராம் எடுக்க வேண்டிய இடத்தில் முந்நூற்று நாற்பதுதான் அதில் அடங்கியது. அந்தக் குறையில்தான் ஊரெல்லாம் பாராட்டிய ஜாம் வந்திருக்கிறது.

"அப்ப 'உனக்கே தெரியும்'னு சொன்னது இதைத்தானா?" என்று கேட்டாள்.

"வேற எப்படிச் சொல்வேன்? தம்பி நிக்கிறாரு, அவர் நிக்கிறாரு. ரெண்டு ஆம்பளைங்க முன்னாடி, நீ பழம் எடுப்பியே அந்த அளவைக் கழிச்சுக்கோன்னு சொல்ல முடியுமா? உன் முகம் என்னத்துக்கு ஆகும்?"

"எடுத்தா என்னக்கா? இதுல என்ன முகம் போகுது?"

அண்ணி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"அன்னைக்கு நீ ரொம்ப ஒல்லியா இருந்தே. பந்தியில கூட ரெண்டாவது தடவை கேக்க மாட்டே. புது வீடு, கூச்சம். பசிக்குது போல, கேக்கத் தெரியாம எடுத்துத் தின்னுதுன்னு நினைச்சேன். கேட்டா நீ எடுக்குறதையே நிறுத்திடுவ. அதான் கேக்கல. எடுத்தாலும் ஜாமுக்குக் குறையக் கூடாது, உனக்கும் குறையக் கூடாதுன்னு சேர்த்து அமுக்கினேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

அறையில் ஜாம் மட்டும் மெதுவாகக் குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா" என்றாள். "அதுல ஒரு துண்டு கூட நான் சாப்பிட்டதில்ல."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் கிண்ணமும் முள்கரண்டியுமாக நின்றுகொண்டிருந்தேன்.

எனக்குக் கொடுத்தார்கள், தின்றேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தெருவில் போகிறவன் பார்சலில் பத்து கிராம் அதிகம் என்றால் பிடித்து நிறுத்துகிறவன் நான். வெட்கமாக இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைக்கவும் கை வரவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. அண்ணி முதலில் சிரித்தார். பிறகு என் மனைவியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அதற்குள் ஜாம் கொஞ்சம் அடிபிடித்துவிட்டது.

*

சனிக்கிழமை காலை என் மனைவி தனியாகக் கிண்டினாள். நான் பழத்தை நிறுத்துக் கொடுத்தேன், சர்க்கரையை நிறுத்துக் கொடுத்தேன். அண்ணி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிலும் கை வைக்காமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டார். குளிர்ந்த தட்டில் சொட்டு விட்டுப் பார்த்தோம். விரலால் தள்ளியதும் மேலே மெல்லிய சுருக்கம் விழுந்தது. ஓடவில்லை, கல்லாகவுமில்லை. என் மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனி அவள் ஜன்னலோரத்துக்குப் போக வேண்டாம் என்று எனக்கு மூச்சு வந்தது.

பேக்கரிக்காரர் வருவதற்குள் அளவை எழுதச் சொன்னார் அண்ணி. அவர் சொல்லச் சொல்ல நான் அட்டையில் எழுத வேண்டும். முதல் வரியிலேயே எனக்குப் பேனா நின்றது.

"அண்ணி, ரெண்டாயிரத்து இருநூத்தி அறுபதுன்னு எழுதினா போதும். இது தேவையில்லாம சுத்தி வளைக்குது."

"நான் சொல்றதை எழுதுங்க தம்பி."

எழுதினேன்.

பேக்கரிக்காரர் வந்தார். ஒரு ரொட்டித் துண்டில் தடவித் தின்றார், இன்னொரு துண்டில் தடவித் தின்றார். "இதேதான். நான் கடையில வாங்கிச் சாப்பிட்ட அதே ஜாம். இனிமே உங்களுக்குத்தான்மா" என்று என் மனைவியிடம் சொன்னார். பிறகு அட்டையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வாசித்தார். வாசித்துக்கொண்டே வந்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"பழம் ரெண்டாயிரத்து அறுநூறு கிராம். அதுல முன்னூத்தி நாப்பது கிராம் எடுத்துத் தனியா வைக்கவும்." நிமிர்ந்தார். "இது எதுக்குங்க? கடைசில சேர்க்கணுமா?"

"சேர்க்கக் கூடாது" என்றார் அண்ணி.

"பின்ன?"

"சாப்பிடணும்."

"யாரு?"

அண்ணி என் மனைவியின் தோளில் கை வைத்தார். "இவதான். நான் பக்கத்துல இருந்தா பாத்துப்பேன். இருக்க மாட்டேன் இல்ல, அதான் அளவுலயே எழுதி வச்சுட்டேன்."

பேக்கரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எடை விஷயம் தெரிந்த ஆம்பளை நீயாவது சொல்லேன் என்பது போல என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன். "முன்னூத்தி நாப்பது. ஒரு கிராம்கூடக் குறையக் கூடாது."